படித்துறைக்கு மேலே பிறந்தவள்

என் மகள் ஆற்றில் பிறந்தவள். கரையில் பிறந்ததை நான் கூட்டிச் சொல்வதாகச் சிலர் நினைக்கிறார்கள். இடுப்பளவு தாமிரபரணித் தண்ணீரில் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்; அவள் தண்ணீருக்குள்ளேதான் வந்து விழுந்தாள்.

எனக்குத் திசையன்விளைப் பக்கம். அங்கே தண்ணீர் என்பது கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க வேண்டிய பொருள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பீடி சுற்றினேன், தூத்துக்குடி உப்பளத்தில் ஒரு வெயில் காலம் உப்பு வாரினேன், தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினேன். எந்த இடத்திலும் ஆறு மாதத்துக்கு மேல் கால் தரிக்காது. வாத்து மேய்க்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டதற்கும் அந்தக் கால்தான் காரணம். அறுப்பு முடிந்த வயல்களைத் தேடி வாத்துக் கூட்டத்தோடு நடந்துகொண்டே இருக்கும் பிழைப்பு அது. வீடு என்று ஒன்று கிடையாது என்பதே எனக்கு அதில் பிடித்திருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம். அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே ஓர் ஊரில் பிசானப் பருவத்து நெல் அறுப்பு முடிந்திருந்தது. வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லையும் நத்தையையும் எங்கள் அறுநூறு வாத்துகள் தின்றுகொள்ளலாம் என்று நிலத்துக்காரர் சொல்லியிருந்தார். ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிடும். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். ஆற்றங்கரையில் ஓலைத் தட்டியும் தார்ப்பாயும் வைத்துக் குடிசை போட்டிருந்தோம். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அண்ணன், அண்ணன் மனைவி. அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

எனக்கு அது இரண்டாவது பேறு. முதல் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே உயிரில்லாமல் வந்தது. அதனால் இந்தத் தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்று எல்லோரும் பேசி வைத்திருந்தோம். ஆனால் ஒன்பது மாதத்தில் மூன்று ஊர் மாறியிருந்தோம். தடுப்பூசி ஒன்று ஓர் ஊரில் போட்டார்கள். அடுத்த ஊசிக்கு வரச் சொன்ன நாளில் நாங்கள் வேறொரு தாலுகாவில் இருந்தோம்.

அன்று விடிந்ததிலிருந்து இடுப்பு கடுத்தது. நாள் இன்னும் இரண்டு வாரம் இருப்பதாக என் கணக்கு. துணி மூட்டையை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். ஆம்பிளைகள் வாத்துகளை ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். தண்ணீரில் இறங்கியதும் இடுப்பில் கட்டியிருந்த பாரத்தை யாரோ கழற்றி வைத்தது போல இருந்தது. மேலே ஏறினால் வலித்தது. இறங்கினால் தணிந்தது. துணியைப் பாறையில் போட்டுவிட்டு அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அக்கா தேடிக்கொண்டு வந்தாள்.

"ஏட்டி, துணியத் துவைக்க வந்தியா, ஆத்தத் துவைக்க வந்தியா? சோறு ஆறிப் போய்க் கெடக்கு."

"தண்ணிக்குள்ள நின்னா வலி தெரியலக்கா."

"வலியா? எந்த வலிட்டி?"

அவளுக்கே புரிந்துவிட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"ஏறி வா. பைய வா. என் தோளப் பிடி."

"இன்னும் கொஞ்ச நேரம் நிக்கேன்."

"நிக்காளாம். திருவிழாவுக்குத் தேர் பாக்க வந்தவ மாதிரி நிக்காளாம். ஏறுட்டி!"

நான் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. அடுத்த வலியில் பாறையைக் கட்டிப் பிடித்துக் குனிந்தேன். அதற்கடுத்த வலியில் பிள்ளை தண்ணீருக்குள் வழுக்கி வந்தது. அக்கா இரண்டு கையாலும் அள்ளி எடுத்தாள். கொடி நீளமாக இருந்ததால் அறுந்து போகவில்லை. பிள்ளை முகத்தில் காற்றுப் பட்டதும் வாயைத் திறந்து அழுதாள். பெண்பிள்ளை என்று அக்கா சொன்னாள். இருவரும் சிரித்தோம்.

பிறகு நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். அந்த ஆற்றில் இறங்குகிற யாரும் மூன்று முழுக்குப் போடாமல் ஏறமாட்டார்கள். வாத்தைத் தேடி இறங்கினால்கூட என் வீட்டுக்காரர் மூன்று முழுக்குப் போடுவார். பிள்ளையின் உடம்பெல்லாம் வெள்ளையாக மெழுகு அப்பியிருந்தது. அதைக் கழுவ வேண்டும், ஆற்றில் பிறந்தவளுக்கு ஆற்றிலேயே முதல் முழுக்கும் ஆகட்டும் என்று அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. அழுதுகொண்டிருந்த பிள்ளையை, திறந்த வாயோடு, மூன்று முறை முக்கி எடுத்தாள். மெழுகைக் கையால் தேய்த்துக் கழுவினாள். மூன்றாவது முறை எடுத்தபோது அழுகை நின்று இருமல் வந்தது. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நல்லது நடக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அதன் பிறகே தண்ணீரைக் கவனித்தோம். ரத்தம் நூல் நூலாகப் பிரிந்து ஓட்டத்தோடு கீழே போய்க்கொண்டிருந்தது. கூப்பிடு தூரத்தில் கோயில் படித்துறை. உச்சிப் பூசைக்கு அங்கிருந்துதான் குடத்தில் தண்ணீர் எடுப்பார்கள். சாமி குளிக்கிற தண்ணீரில், அதற்கு மேலே, நான் பிள்ளை பெற்றிருக்கிறேன். அக்காவின் முகம் சுண்டிப் போனது.

"யாரு கேட்டாலும் குடிசைல பொறந்துச்சுன்னு சொல்லணும். என்ன? நம்மள இங்கன இருக்க விடமாட்டாங்க."

தலையாட்டினேன். இன்னும் பதினைந்து நாள் மேய்ச்சல் அந்த ஊரில் இருந்தது. துரத்திவிட்டால் அறுநூறு வாத்தோடு எங்கே போவது? குடிசைக்கு வந்து, சவரம் செய்கிற பிளேடால் கொடியை அறுத்து, சாக்கு நூலால் கட்டினாள். மத்தியானம் வந்த வீட்டுக்காரரிடமும் குடிசை என்றே சொன்னாள். அவர் என் ஈரத் தலையைப் பார்த்தார். தட்டியில் காய்ந்துகொண்டிருந்த சேலையைப் பார்த்தார். பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

முதல் நாள் பால் குடித்தாள். மறுநாள் குடிக்க மறுத்தாள். மூச்சு வேக வேகமாக வந்தது, மூக்கின் இரண்டு பக்கமும் விரிந்து விரிந்து அடங்கியது. ஆஸ்பத்திரியில் எங்கே பிறந்தது என்று கேட்பார்களே என்று பயந்து அன்றும் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் அழக்கூட மாட்டேன் என்றாள். உடம்பு சில நேரம் சுட்டது, சில நேரம் குளிர்ந்து கிடந்தது. முதல் பிள்ளையைப் புதைத்த இடம் நினைவுக்கு வந்தது. துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். அக்கா கூட வந்தாள்.

ஆஸ்பத்திரியில் வயதான ஒரு நர்ஸ் அம்மா பிள்ளையைப் பிரித்துப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சை எண்ணினார்.

"எங்க வச்சுப் பொறந்துச்சு?"

"குடிசைலம்மா," என்றாள் அக்கா.

"யாரு பாத்தா?"

"நாந்தான்."

"பொறந்ததும் அழுதுச்சா?"

"நல்லா அழுதுச்சு. அக்கரைக்கே கேட்ருக்கும்."

"வாயில என்னத்த ஊத்துனீங்க? சீனித் தண்ணி, கழுதப் பாலு, கோரோசனை? திட்டமாட்டேன், சொல்லுங்க."

"ஒண்ணும் ஊத்தலம்மா. சத்தியமா."

இந்த ஒன்றில் அக்கா சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு விடை கிடைக்கவில்லை. பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்து இன்னொரு தடவை கேட்டார். "உள்ள கரகரங்குதே. நல்லா அழுத பிள்ளைக்கு மூணு நாளைக்குள்ள இது எப்படி வந்துச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

பிள்ளையின் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அறுநூறு வாத்தும் மனசில் இருந்தது, இல்லாமல் இல்லை.

"ஆத்துல பொறந்துச்சும்மா," என்றேன். அக்கா என் தொடையைக் கிள்ளினாள். "தண்ணிக்குள்ளயே பொறந்துச்சு. வெளிய எடுத்து அழுத பெறகு மூணு தடவ ஆத்துல முக்குனோம்."

"அழுதுக்கிட்டு இருக்கும்போதா?"

"ஆமா."

அவர் எழுந்து டாக்டரைக் கூப்பிடப் போனார். சொன்ன வாக்குப்படியே திட்டவில்லை. அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மூக்கில் குழாய் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், மஞ்சள் விளக்குப் போட்ட ஒரு பெட்டிக்குள் கிடத்தினார்கள். கொடி அறுத்த கதையைக் கேட்டு அதற்கும் ஊசி போட்டார்கள்.

சாயங்காலம் அந்த அம்மா வெளியே வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வயித்துல தண்ணிக்குள்ளதான கெடந்துச்சு, ஆத்துத் தண்ணி என்ன செய்யும்னு நெனைச்சிருப்பீங்க. வயித்துல அதுக்கு மூச்சு கொடி வழியா வந்துச்சு. வெளிய வந்து அழுதுட்டா அப்புறம் அதும் நம்மள மாதிரிதான். முக்குனா இழுத்துரும், நெஞ்சுக்குள்ள போயிரும். அதுவும் என்ன தண்ணி? மாடு குளிப்பாட்டுதாங்க, துணி வெளுக்காங்க, பத்தாததுக்கு உங்க வாத்து வேற."

"அந்த வெள்ளையும் கழுவிட்டேம்மா," என்றாள் அக்கா. அவளாகவே சொன்னாள்.

"அது பிள்ளைக்குப் போர்வை மாதிரி. குளிரு தாக்காது. பரவால்ல, இனிமே தெரிஞ்சுக்கோங்க."

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "ஆனா தண்ணில நின்னா வலி கொறஞ்சது நெசம்மா. நான் பொய் சொல்லல."

"கொறையும்மா. யாரு இல்லன்னா? வலிக்கு எவ்வளவு நேரம்னாலும் நில்லு. சுத்தமான தண்ணியா, பக்கத்துல ஆள வச்சுக்கிட்டு நில்லு. பிள்ள பெறதுக்கு மட்டும் ஏறி வந்துரு."

அவர் போன பிறகு அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "போன வருசம் கோழில அடவச்சுப் பொரிச்ச குஞ்ச மூணாம் நாளே தண்ணில விட்டான்னு உன் புருசன ஏசினேம்லா? தாய் வாத்து எண்ணெ தடவாத குஞ்சு, நனைஞ்சா வெறச்சுச் செத்துரும்லேன்னு வெளக்குமாத்த எடுத்துக்கிட்டு வெரட்டுனேன். வாத்துக் குஞ்சுக்குத் தெரிஞ்ச புத்தி..." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் முக்கினாள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்கிய ஒரு பெண் நாங்கள் குடிசை போட்டிருந்த ஊர்க்காரி. மறுநாளே செய்தி போய்விட்டது. அதற்கடுத்த நாள் அண்ணாச்சி வந்தார். பின்னால் என் வீட்டுக்காரர், தூக்குக்குப் போகிறவர் மாதிரி. அண்ணாச்சி கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அக்கா எழுந்து அவர் காலில் விழப் போனாள்.

"அட, இரும்மா. பிள்ள எப்படி இருக்கு?"

"சொல்ல முடியாதுன்னுதான் சொல்லுதாங்க அண்ணாச்சி," என்றேன்.

"ஆத்துல பெத்ததுக்கு ஒண்ணுஞ் சொல்லல. வலி நல்ல நேரம் பாத்தா வரும்? ஆனா மூணு நாளா வாயத் தொறக்காம இருந்திருக்கீங்களே. என் வீட்டுக்கு வந்திருந்தா நான் கார் பிடிச்சு அனுப்பிருப்பேம்லா?"

"கோயிலுக்கு எடுக்க தண்ணி அண்ணாச்சி," என்றாள் அக்கா. "தீட்டாயிட்டுன்னு அடிச்சு வெரட்டுவீங்கன்னு நெனைச்சோம்."

அண்ணாச்சி கையிலிருந்த பழத்தை அக்காவிடம் நீட்டினார். "மேல இருக்க ஊர்ச் சாக்கடை பூரா அதுலதான் வந்து விழுது. அதுக்கு எந்தப் பயலும் ஒரு வார்த்த கேட்டதில்ல. பிள்ள பொறந்ததுக்கா கேக்கப் போறான்? பூசை வைக்கவர்ட்ட நானே கேட்டேன். ஓடுத தண்ணிதானன்னு சொல்லிட்டாரு. ரெண்டு நாள் கெணத்துத் தண்ணி எடுத்துக்கிட்டாங்க. அவ்வளவுதான்."

எதற்குப் பயந்து பிள்ளையை மூன்று நாள் குடிசையில் போட்டு வைத்திருந்தோமோ, அது இரண்டு நாள் கிணற்றுத் தண்ணீரோடு முடிந்திருந்தது.

அண்ணாச்சி வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். என் வீட்டுக்காரரிடம் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும் வே. வாத்த வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்திரும். எனக்கு ஒண்ணுமில்ல. ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசுதான்."

சரி என்று என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அண்ணாச்சிமேல் எனக்குக் கோபம் வரவில்லை. பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வந்த மனுசன். அவரும் அந்த ஊரில்தானே இருந்தாக வேண்டும்.

கொற்கைப் பக்கம், தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடை வயல்களில் அறுப்பு பிந்தித்தான் முடியும். ஆண்கள் இருவரும் வாத்துகளை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார்கள். நானும் அக்காவும் ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஐந்தாம் நாள் பிள்ளை கண்ணைத் திறந்து விளக்கைப் பார்த்தாள். ஏழாம் நாள் பால் குடித்தாள், என் மார்பு வலிக்கிற அளவுக்கு. ஊசி போடும்போது அவள் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் அம்மாதான் முதலில் சிரித்தார். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். வீடு எது என்று அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

கொற்கைக்குப் போகத் திருநெல்வேலியில் பஸ் மாறினோம். பிள்ளை அக்கா மடியில் தூங்கினாள். பஸ் தாமிரபரணிப் பாலத்தில் ஏறியதும் அக்கா முந்தானையை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடினாள்.

"என்னக்கா?"

"ஈரக் காத்துட்டி," என்றாள்.

வெயிலுக்காகச் சன்னல் ஷட்டரை எப்போதோ இறக்கிவிட்டிருந்தார்கள். காற்று வர வழியே இல்லை. பாலம் முடிகிறவரை அவள் முந்தானையை எடுக்கவில்லை.