ஒன்பதாவது கார்டு

ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தவன் நான். மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவின் முதல் டிஷ் ஆன்டெனாவை மாடியில் ஏற்றியவனும் நான்தான். கரண்ட் ஆபீஸில் கம்பம் தரமாட்டோம் என்றார்கள்; வீடு வீடாகக் கெஞ்சிச் சுவரில் ஆணி அடித்துக் கேபிள் இழுத்தேன். கால்வாய்க்கு அக்கரையில் டிவி தெரியாது என்றார்கள். வள்ளத்தில் போய், கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு தென்னையில் ஏறிக் கட்டினேன். இதெல்லாம் சின்னக் காரியம். பெரிய காரியம் ஒன்று உண்டு. போன வாரம் அது என் கண்முன்னால் வேறொருவர் பெயரில் நின்றது.

என் கேபிளை எப்போதோ ஒரு பெரிய கம்பெனி வாங்கிக்கொண்டது. அவர்கள் களமசேரியில் புதிய கன்ட்ரோல் ரூம் திறந்தார்கள். பழைய கேபிள்காரர்கள் என்று எங்களையும் கூப்பிட்டார்கள். அனு என்ற இன்ஜினியர் பெண், ஓடிக்கொண்டிருந்த மெஷினிலிருந்து ஒரு சர்க்யூட் கார்டைச் சரேலென்று உருவிக் கையில் பிடித்துக் காட்டினாள். சுவரில் இருந்த டிவி இமைக்கவில்லை.

"கண்டோ அங்கிள்? ஒண்ணு போனா மத்தது தானே ஏத்தெடுத்துக்கும். வீட்ல இருக்கற ஆர்க்கும் தெரியாது."

எல்லோரும் கைதட்டினோம். நல்ல வேலை, நல்லதை நல்லது என்று சொல்ல எனக்குத் தயக்கம் கிடையாது. அப்புறம்தான் அவள் பின்னால் இருந்த பலகையைப் படித்தேன். மாற்று கார்டு முறையை இந்த வட்டாரத்தில் முதலில் கொண்டுவந்தது அந்தக் கம்பெனியாம். தட்டிய கை பாதியில் நின்றது.

அந்த அறையில் வாசனையே இல்லை, கவனித்தேன். வெறும் ஏசிக் குளிர். என் கன்ட்ரோல் ரூம் சுக்குக் கிடங்குக்கு மேல்மாடி. காய்ந்த இஞ்சியும் ஈயம் உருகும் புகையும் சேர்ந்த ஒரு காரம் மூக்கில் ஏறும். தும்மாமல் நான் ஒரு கம்பியும் பற்றவைத்ததில்லை. ஆசாரியிடம் சொல்லிச் செய்த மரப்பெட்டியில் எட்டு கார்டு. ஒரு கார்டு ஒரு சேனல். உபரியாக ஒன்றை வாங்கிப் புதுத் துணியில் சுற்றி, பாச்சை உருண்டை போட்டு, மனைவியின் பட்டுப்புடவைக்கு அடியில் பீரோவில் வைத்திருந்தேன். அத்தனை மரியாதை அதற்கு.

அந்த மரியாதைதான் என்னைக் கவிழ்த்தது. ஒரு தேர்தலின் ஓட்டெண்ணும் நாள், காலை பத்து மணி. நியூஸ் கார்டு செத்தது. பீரோவைத் திறந்து துணியைப் பிரித்தால், உபரியின் செம்பு முனையெல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறது. கொச்சி ஈரக்காற்றுக்குப் பூட்டு ஏது?

கீழே ஆள் கூடிவிட்டது.

"எடோ அண்ணாச்சி, எங்க ஆள் ஜெயிக்கற நேரம் நோக்கி ஆஃப் பண்ணியோ?"

"சேட்டா, கார்டு செத்துப்போச்சு."

"கார்டோ, உன்னோட மனசாட்சியோ?"

அதற்குள் அடுத்த கட்சி வந்தது. "எங்க ஆள் முன்னால வந்தப்பதானே இவன் கட் பண்ணினான்!"

ஒருவர் கடையில் மற்றவர் சாயா குடிக்காத இரண்டு கட்சியும் அன்று ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது: நான் விலைபோனவன். ஒருவன் என் கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்கவே ஆரம்பித்துவிட்டான். நான் ஆண்டுக்கணக்காக அடித்த ஆணி ஒவ்வொன்றாகத் தெறித்து விழுகிறது.

"பாட்டுக் கார்டை உருவி நியூஸுக்குப் போடுங்களேன். பாட்டுக் கேக்கலேன்னா யாரும் செத்துட மாட்டாங்க" என்றாள் என் மனைவி. நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் வாய் முந்திக்கொண்டது. படம் வந்தது. கூட்டம் சாயாக்கடைக்குப் போனது.

அன்றே முடிவு செய்தேன். உபரி தூங்கக் கூடாது. பெட்டியில் ஒன்பதாவது பள்ளம் வெட்டினேன். ஒரு குமிழைத் திருப்பி எந்தச் சேனலுக்கும் மாற்றக்கூடிய கார்டாகப் பார்த்து வாங்கி அதில் செருகினேன். இரவும் பகலும் கரண்ட் உண்டு. சூட்டில் இருந்தால் ஈரம் அண்டாது. திங்கட்கிழமைதோறும் ஒரு சேனலை அதன் தலையில் கட்டி, பழைய கார்டுக்கு ஓய்வு. உயிரோடு இருக்கிறதா என்று அப்படித்தானே தெரியும்? அதற்கு 'அளியன்' என்று பெயர் வைத்தேன். மச்சினனைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும், ஆபத்து என்றால் முதலில் எழுந்து வரும்.

"என் தம்பியைத்தானே சொல்றீங்க?" என்று மனைவி இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்த தேர்தல் வந்தது. அதே ஓட்டெண்ணும் காலை, நியூஸ் கார்டில் கருகல் வாடை. வயரை அளியனுக்கு மாற்றினேன், குமிழைத் திருப்பினேன். திரை ஒரு முறை சிமிட்டியது, அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி வாசலில் நின்றேன், யாராவது வருவார்கள் என்று. ஒருவரும் வரவில்லை. சாயாக்கடையில் "லீட் எத்ரை ஓட்டுடா?" என்று கத்தல் மட்டும். முன்பு என் கேபிளைப் பிடுங்கியவனே கிளாஸும் கையுமாகத் திரும்பிப் பார்த்தான்.

"எந்தா அண்ணாச்சி, சும்மா நிக்கறே? பணி ஒண்ணும் இல்லே?"

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது. சொன்னவனுக்குத்தான் தெரியாது.

சுக்குக் கிடங்கு இப்போது வெளிநாட்டுக்காரர்கள் காப்பி குடிக்கும் இடம். பெட்டி பழைய சாமான் எடுக்கும் ஆக்ரிக்காரனிடம் போனது. படம் நின்றால் வாசலில் வந்து சண்டை போட ஆளில்லை; போனில் ஒரு குரல், ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்கிறது. அனுவின் மெஷின் தானாகச் செய்வதை நான் தும்மிக்கொண்டே கையால் செய்தேன். அதனால் களமசேரிக்காரர்களே, அந்தப் பலகையை இறக்குங்கள். மட்டாஞ்சேரியில், சுக்குக் கிடங்கு மாடியில், ஒன்பதாவது கார்டை முதலில் விழித்திருக்க வைத்தவன் நான் என்று எழுதி மாட்டுங்கள், முழுப்பெயரோடு. சாட்சி கேட்பீர்கள். இரண்டாவது தேர்தல் அன்று என் வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. அதுதான் சாட்சி.