பிந்தி விழுந்த கைதட்டல்

இடது கை மவுசில் இருந்தது. வலது கை கீபோர்டின் ஒரே ஒரு கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தது. கைதட்டல் ஓசை. தாளத்துக்கு மயிரிழை பிந்தி விழ வேண்டும். முந்தினால் சாதாரணமாகிவிடும், இன்னும் பிந்தினால் தப்பாகிவிடும். திரையின் மேல்பக்கம் வேறொரு பாட்டு நீலப் பட்டையாக நீண்டு கிடந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இவர் தன்னுடையதைக் கீழே நகர்த்தினார்.

இந்தத் தொழிலில் இது வழக்கம். விளம்பரத்துக்கு இசை கேட்டு வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. எங்கும் ஓடுகிற ஒரு பாட்டோடு வருவார்கள். "அது மாதிரி வேணும், ஆனா அதுவா இருக்கக் கூடாது." மேசை நாற்காலி விற்கிற கடைக்காரரும் அதையேதான் சொன்னார். அவர் கொடுத்துவிட்டுப் போன பாட்டு, இவருடைய மச்சினன் மெட்டுப் போட்டுப் பாடியது.

இருவரும் மேடைக் கச்சேரிகளில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வாசித்தவர்கள். மச்சினனுக்கு அடிக்கடி சுரம் பிசகும், சமாளிப்பது இவர்தான். அப்படிப்பட்டவன் ஒரு பாட்டில் கைதட்டலைப் பிந்திப் போட்டு அப்படியே விட்டுவிட்டான். வேண்டுமென்று செய்தானா, திருத்தச் சோம்பலா என்று இவருக்கு இன்றுவரை சந்தேகம். பாட்டு பற்றிக்கொண்டது. முடிவெட்டும் கடையில், பேருந்தில், எதிர்வீட்டுக்காரரின் போனில் எல்லாம் அதுதான். அந்த வருடம் எல்லோரும் கைதட்டலைப் பிந்திப் போட்டார்கள். இவரும் போட்டார். ஒவ்வொரு முறை போடும்போதும் வயிறு எரிந்தது.

சொந்தமாக ஏதாவது செய்யலாம்தான். ஆனால் அது விலைபோகாவிட்டால் 'அவருக்கு வராது' என்பார்கள். அடுத்தவன் தடத்தில் போய் விலைபோகாவிட்டால், 'சீசன் முடிஞ்சிருச்சு' என்பார்கள். இரண்டாவதை இவரால் தாங்க முடியும்.

முடித்து, கேட்டுப் பார்க்கச் சொல்லிப் போனில் அனுப்பிவைத்தார். மறுநாள் காலை கடைக்காரர் போனில் கத்தினார்.

"சார், பின்னிட்டீங்க! இப்பதான் உயிர் வந்திருக்கு. ஒரு புள்ளியக்கூட மாத்தாதீங்க. நாளைக்குக் கடை திறந்ததும் பென் டிரைவ்ல கொண்டாந்துடுங்க."

இவர் சமையலறைக்கு ஓடி மனைவிக்குப் போட்டுக் காட்டினார். அவள் காய் நறுக்குவதை நிறுத்திக் காதைச் சாய்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆமா, தம்பிய எப்ப பாட வச்சீங்க?"

"யாரு?"

"அடியில கேளுங்க. அவன் குரல் எனக்குத் தெரியாதா?"

கேட்டார். அனுப்புவதற்கு முன் அந்த நீலப் பட்டையை மியூட் செய்ய மறந்திருந்தார். கடைக்காரர் உயிர் என்று சொன்னது, இவருடைய இசைக்கு அடியில் மெல்ல ஓடிய மச்சினனின் பாட்டை.

"அடப்பாவி! என் வேலைக்குள்ளயே வந்து உக்காந்துட்டானே."

"நீங்கதானே நாற்காலி போட்டுக் குடுத்தீங்க." சிரித்தபடியே அவள் கத்தியை இழுப்பறையில் போட்டு இடுப்பால் தள்ளி மூடினாள். ஈரம் குடித்த பழைய மரம். நகரும்போது ஒரு முனகல், முட்டும்போது ஒரு 'டொக்'.

இவர் அறைக்குப் போய் நீலப் பட்டையை எடுத்துவிட்டுக் கேட்டார். சக்கையாக இருந்தது. வெறுத்துப்போய்க் கைதட்டலையும் அழித்தார். அந்த இடம் பொக்கை வாய் போலத் திறந்து கிடந்தது. சற்று நேரம் கழித்து மைக்கைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தார்.

"அந்த இழுப்பறைய மூடு."

"மூடித்தானே இருக்கு?"

"திறந்து மூடு. கோவமா மூடு."

"அதுக்கு மைக் வேறயா? தினமும் சும்மாவே கேக்கறீங்களே."

பகல் முழுக்க அந்த முனகலைத் தாளத்துக்குள் இழுத்துக் கட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று கைதட்டல் வைத்த இன்னொன்றையும் செய்துவைத்தார்.

சாயங்காலம் மச்சினன் புதுக் காரை வாசலை மறித்து நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். முகம் தொங்கியிருந்தது.

"பாட்டுக் கம்பெனில இருந்து என்ன அனுப்பிருக்காங்க தெரியுமா மாமா? என் பாட்டையே எனக்கு அனுப்பி, இது மாதிரி ஒண்ணு குடுங்கறாங்க."

பரிதாபப்பட வேண்டிய இடம். இவருக்கு அதிலும் பொறாமைதான் வந்தது. காப்பியடிக்கக்கூட அவனிடம் சொந்தப் பாட்டு இருக்கிறதே!

ஸ்பீக்கரில் இழுப்பறை ஓடிக்கொண்டிருந்தது. மச்சினன் பேச்சை நிறுத்தினான். மறுபடி போடச் சொன்னான்.

"இது என்ன சவுண்டு? எங்க டவுன்லோடு பண்ணீங்க?"

"உங்கக்கா இடுப்புல இருந்து."

அவன் சிரிக்கவில்லை. "மாமா, இத நான் எடுத்துக்கட்டுமா? கடை விளம்பரத்துல போட்டா வீணாப் போயிடும்."

நல்லாருக்கு என்று அவன் ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா என்று எத்தனையோ வருடம் காத்திருந்தவர் இவர். இப்போது அவன் கண்ணில் இருந்தது இவருக்கு நன்றாகப் பழகிய பார்வை. தினமும் கண்ணாடியில் பார்ப்பது.

"சாப்பிட்டுப் போ, மாப்ள," என்றார்.

அவன் கிளம்பியதும் கைதட்டல் வைத்ததை அழித்தார்.

மறுநாள் கடைக்காரர் பூட்டைத் திறக்கும்போதே இவர் வாசலில் நின்றார்.

"என்ன சார், எனக்கு முன்னாடி வந்துட்டீங்க? அதேதானே, ஒண்ணும் மாத்தலையே?"

"மாத்திட்டேன். கைதட்டல் இல்ல. மரச் சாமான் சத்தம் போட்டிருக்கேன்."

"எல்லாரும் கைதட்டறாங்க. நீங்க ஏன் சார் விஷப்பரீட்சை பண்றீங்க?"

"கேட்டுட்டுத் திட்டுங்க. ஆனா இன்னிக்கே கேளுங்க. விட்டா வேற ஆள் போட்டுருவான்."

கடைக்காரர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். கையிலிருந்த பூட்டை இடது கைக்கு மாற்றி, வலது கையைச் சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினார். இவர் பென் டிரைவை அந்த உள்ளங்கையில் வைத்தார்.