சூப்பர் யூசருக்கும் ஒரு பூட்டு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், துறைமுகத்தை ஒட்டிய வெல்ட் கீ தெருவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். ஒரு நாள் காலை, கஸ்டம்ஸ் நிறுத்தி வைத்திருந்த ஒரு சரக்குக் கொண்டேனர் வெளியே போய்விட்டது தெரிந்தது. கம்ப்யூட்டரில் அதற்கு ரிலீஸ் கொடுத்திருந்தது எங்களோடு வேலை பார்த்த சரோஜா அக்காவின் பெயரில்.

மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார்.

"ஒன் பாஸ்வேர்ட் ஒனக்கு மட்டும்தானே தெரியும்? பேயா வந்து தட்டிச்சு?"

"நான் தட்டல சார்."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது லா. போலீஸ்ல வந்து சொல்லு."

அக்காவின் சம்பளத்தில்தான் அவர் வீடு ஓடியது. அவர் அழவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

போலீசுக்குப் போகுமுன் சிஸ்டத்தைப் பார்க்கட்டும் என்று மாக் மண்டினில் இருந்த கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து இன்ஜினியர் மோகனைக் கூப்பிட்டார்கள்.

"இங்க சூப்பர் யூசர் யாரு?" என்றார் மோகன்.

"எல்லாரும்தான்" என்றேன். சூப்பர் யூசராக உள்ளே போனால் சிஸ்டத்தில் எதையும் பார்க்கலாம், மாற்றலாம். பிரிண்டர் அடிக்கடி நின்றுவிடும். அதை ஓட வைக்க சூப்பர் யூசராக உள்ளே போக வேண்டும். அதனால் அந்த பாஸ்வேர்ட் ஆபீஸ் முழுக்கத் தெரியும்.

"நல்லா இருக்கு. பிரிண்டருக்காக வீட்டையே தெறந்து வெச்சிருக்கீங்க."

அக்காவை ஒரு டெர்மினலில் லாகின் செய்யச் சொன்னார். நாம் தட்டும் எழுத்து கொஞ்ச நேரம் மெமரியில் கிடக்கும். மோகன் இன்னொரு டெர்மினலில் சூப்பர் யூசராக அந்த மெமரியைத் திறந்தார். ஸ்கிரீனில் ஒரு பெயர் தெரிந்தது.

"அது என் மகன் பேரு" என்றார் அக்கா மெதுவாக. அதுதான் அவருடைய பாஸ்வேர்ட்.

"அப்ப செஞ்சது யாரு?" என்றார் மேனேஜர்.

"இனிமே சொல்ல முடியாது சார். இப்படி பாஸ்வேர்டப் பாத்துட்டு, அக்கா பேர்ல இங்க இருக்கிற யாரும் செஞ்சிருக்கலாம். நீங்களும்தான்."

போலீஸ் பேச்சு அதோடு நின்றது. அக்காவின் வேலை தப்பியது. மோகன் சிஸ்டத்தை மாற்றினார். பிரிண்டருக்கு மட்டும் தனி அனுமதி. மெமரியைச் சூப்பர் யூசராலும் பார்க்க முடியாது.

"எனக்குமா பூட்டு? நான் மேனேஜர் லா."

"ஒங்களுக்கும்தான் சார். நாளைக்கு இப்படி ஒண்ணு நடந்தா ஒங்கள யாரும் சந்தேகப்படக் கூடாதில்ல?"

பிள்ளைகளே, வேலையிடத்தில் உங்கள் அதிகாரத்தைக் குறைத்தால், நம்மை நம்பவில்லை என்று கோபப்படாதீர்கள். ஒரு காரியத்தைச் செய்யவே முடியாதவர் மேல் யாரும் பழி போட மாட்டார்கள். எங்களுக்கு அந்தப் பூட்டு தாமதமாகத்தான் வந்தது. செய்தவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. எங்களில் ஒருவர் என்பது மட்டும் அக்காவுக்குத் தெரியும். நான் வேலையை விடும்வரை அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.