வெண்டல் பார்த்த புள்ளி

சூரை மீனை வெண்டல் அராகாகியைப் போலத் துண்டு போடுகிறவன் ஹொனலூலுவின் கிங் தெரு மார்க்கெட்டில் வேறு யாரும் இல்லை. அவனைப் போல வயிறெரிகிறவனும் இல்லை. பெண்டாட்டி மோமி பேரில் அவனுக்கு அப்படி ஒரு சந்தேகம். பல் டாக்டர் கை ரொம்ப மென்மையாக இருக்கிறது என்று மோமி ஒரு தடவை சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், அடுத்த மாதம் குடும்பத்துக்கே வேறு பல் டாக்டர். பக்கத்து வீட்டுக்காரர் சாயங்காலங்களில் உகுலேலே என்கிற குட்டி கிட்டாரை வாசிப்பார். இவன் போய், இரைச்சல் போடுகிற பெரிய மின்விசிறியாகப் பார்த்து வாங்கி வந்து ஜன்னலில் மாட்டினான். அந்த மனிதருக்கு எழுபத்தெட்டு வயது.

நானும் மோமியும் மவுனாகேயா தெருவில் ஒரே பூமாலைக் கடையில் வேலை. எதிரெதிரே உட்கார்ந்து, நீள ஊசியில் மல்லிகையும் சம்பங்கியும் ஆர்க்கிடும் கோத்துக்கொண்டிருப்போம். கோக்கிற கைக்குத்தான் வேலை, வாய்க்குப் பேச்சுதான். அதனால் வெண்டலைப் பற்றி எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அவளைப் பார்த்து எனக்கும் பொறாமைதான். எனக்கு இரண்டு கல்யாணம் நடந்தது. முதல் புருஷன் லாஸ் வேகாஸுக்குச் சூதாடப் போனவன், அங்கேயே தங்கிவிட்டான். இரண்டாமவன் டிவி முன்னால் தூங்கியே காலத்தைக் கழித்தான். நான் வீட்டில் இருக்கிறேனா செத்தேனா என்று இரண்டு பேரும் திரும்பிப் பார்த்ததில்லை. இங்கே ஒருத்தன் பெண்டாட்டி பஸ் டிரைவரிடம் குட் மார்னிங் சொன்னதற்கு ராத்திரி சாப்பிடாமல் படுக்கிறான். இது கொடுமை என்று என் புத்திக்குத் தெரிகிறது. வயிறு கேட்கவில்லை.

எல்லாம் ஆரம்பித்தது ஒரு வெள்ளிக்கிழமை. மோமி வலது காதோரம் பூ வைத்திருந்தாள். எங்கள் தீவில் கல்யாணமானவள் பூவை இடது காதோரம் வைப்பாள். வலது பக்கம் வைத்தால் ஆள் தேடுகிறாள் என்று அர்த்தம். அன்றைக்குப் பார்த்து வெண்டல் ஐஸ் பெட்டி வாங்க எங்கள் தெருப் பக்கம் வந்தான். கடைக்குள்ளே போலீஸ்காரர் கவிகா நவோனே நின்றுகொண்டிருந்தார். ஸ்டேஷனில் யாருக்கோ ஓய்வு பெறும் விழா, அதற்கு மாலை வாங்க வந்தவர். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. கிளம்பும்போது வழக்கப்படி எனக்கும் ஒரு கன்னத்து முத்தம், மோமிக்கும் ஒன்று. அவரும் மோமியும் ஒரே பள்ளி, ஒரே வருடம். வெண்டல் ஊரின் அந்தக் கோடியில் வேறு பள்ளி. எங்கள் ஊரில் ஒருவர் எந்தப் பள்ளியில் படித்தார் என்பது சாகும்வரை கூட வரும்.

அன்று மத்தியானம் அவன் என்னைச் சந்தில் மடக்கினான். ரப்பர் பூட்ஸ், ஏப்ரன், கையெல்லாம் செதில்.

"ஆன்ட்டி, மோமி பூவை எந்தக் காதுல வச்சிருந்தா, பாத்தீங்களா?"

"காதுலதான் வச்சிருந்தா. மூக்குல வைக்கல."

"வெளையாடாதீங்க ஆன்ட்டி. வலது காது! அந்த நவோனே உள்ள நிக்கறப்ப வலது காது!"

"டேய், எடது காதுல போன் இருந்துச்சுடா. தோள்ல இடுக்கிக்கிட்டு ஹீலோல இருக்கற தங்கச்சிகிட்ட பேசிக்கிட்டிருந்தா. ரெண்டு கையிலயும் ஊசி நூல். பூவை வேற எங்க வைக்கச் சொல்ற?"

"தங்கச்சியாம்..." என்று முனகிக்கொண்டு போனான்.

மோமியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். சந்தேகப்படுகிறவனுக்கு அதுதான் வராது. கேட்டால் பதில் வந்துவிடுமே! அவன் என்ன செய்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மோமிக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தான். கொடுப்பதற்கு முன்னால், அந்தப் போன் எங்கே இருக்கிறது என்று தன் போனில் தெரிகிற மாதிரி ஏதோ செய்துகொண்டான். வரைபடத்தில் ஒரு சின்ன வட்டம், அதற்குள்ளே மோமியின் முகம். அவள் நடந்தால் அதுவும் நகரும். மீனை எடைத்தட்டில் போட்டுவிட்டுப் பார்ப்பான், ஐஸ் அள்ளிவிட்டுப் பார்ப்பான். மோமிக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிந்தால் விட்டுப் போய்விடுவாள் என்று அவனுக்கே தெரியும். அவள் அப்பா அவள் அம்மாவைப் பூட்டிவைத்துவிட்டு வேலைக்குப் போனவர். அந்த மாதிரி ஒருத்தனோடு ஒரு நாளும் இருக்க மாட்டேன் என்று கல்யாணத்துக்கு முன்பே சொன்னவள் அவள்.

சாலையைக் கடக்கும்போது போனைப் பார்க்கக் கூடாது என்று ஹொனலூலுவில் சட்டம் வந்த வருடம் அது. பேசலாம், காதில் வைத்துக் கேட்கலாம், கண்ணால்தான் பார்க்கக் கூடாது. ஆபத்து அவசரம் என்று போலீஸை அழைத்தால் மட்டும் விலக்கு. மார்க்கெட்டில் எல்லாரும் சிரித்தார்கள். இனி ரோட்டில் கொட்டாவி விடவும் அபராதம் போடுவார்கள் என்று கறிக்கடைக்காரர் சொன்னார். நவோனேயை எங்கள் தெரு கிங் தெருவைத் தொடுகிற முனையில் நிறுத்தினார்கள். வெண்டலின் மீன்மேடைக்கும் எங்கள் கடைக்கும் சரியாக நடுவில்.

சம்பவத்தன்று மத்தியானம் வெண்டல் போனைப் பார்க்கிறான், புள்ளி அந்த முனையில் நிற்கிறது. அசையவில்லை. நவோனே நிற்கிற முனை! கத்தியைப் போட்டுவிட்டு ஏப்ரனோடு ஓடினான். பச்சை விளக்கு விழுந்ததும் வெள்ளைக் கோடுகளில் இறங்கினான். கண் முழுக்கப் போனில், எங்கே புள்ளி நழுவிவிடுமோ என்று. திரும்பிக்கொண்டிருந்த பஸ் ஒன்று பிரேக் போட்டது அவன் காதில் ஏறவில்லை. அந்தக் கரைக்குப் போய் நிமிர்ந்தால் மோமி இல்லை, நவோனே மட்டும் நிற்கிறார். "வெண்டல், பஸ்ஸப் பாத்தியாப்பா?" என்று கேட்டுவிட்டு அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

அன்று மோமி சீக்கிரம் திரும்பி வந்தாள். மத்தியான இடைவேளைக்கு வெளியே போனவள், கையில் மனபுவா பன் பையோடு வந்து அதை என் முன்னால் வைத்தாள். "நீங்க சாப்பிடுங்க ஆன்ட்டி, எனக்குப் பசிக்கல" என்றாள். பன்றிக்கறி வைத்தது, சூடு ஆறவில்லை. எல்லாவற்றையும் நானே தின்றேன். ஏன் பசிக்கவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

அபராதம் பெரிதில்லை, ஒரு மத்தியானச் சாப்பாட்டுக் காசைவிடக் கொஞ்சம் கூடுதல். வேறு யாராக இருந்தாலும் கட்டிவிட்டு மறந்திருப்பார்கள். வெண்டல் கோர்ட்டுக்குப் போகிறேன் என்றான்.

"அவன் வேணும்னே எழுதினான் ஆன்ட்டி. என்னை அவமானப்படுத்தணும்னு!"

"நீ போனைப் பாத்தியா இல்லையா?"

"மீன் ஏலத்துல வெலை பாத்தேன்."

"ரோட்டு நடுவுலயா?"

"அவசரம்."

மோமியிடமும் அதையேதான் சொல்லியிருந்தான். ஏல விலை. ஒவ்வொரு ராத்திரியும் சாப்பாட்டு மேஜையில் நவோனே புராணம் ஓடும், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். கடையில் அவள் பேச்சு குறைந்துபோனது. மல்லிகைக்கு நடுவே ஆர்க்கிடைக் கோத்து, பிரித்து, மறுபடி அதையே கோத்தாள். என்னடி என்றால் தலைவலி என்பாள். கோர்ட் நாள் வந்ததும், "நானும் வர்றேன் வெண்டல்" என்றாள். அவன் வேண்டவே வேண்டாம் என்று குதித்தான். அவள் கேட்கவில்லை. கடைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு நானும் போனேன். இந்த மாதிரிக் கூத்தை விட்டுவிட நான் என்ன முட்டாளா?

நீதிபதி வெள்ளை முடி வைத்த அம்மாள், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். நவோனே நடந்ததைச் சொன்னார். போனில் என்ன இருந்தது என்று தான் பார்க்கவில்லை, பஸ் வந்ததை இவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான் தெரியும் என்றார். கெட்டவார்த்தையாக ஒரு சொல் இல்லை. அதுவே வெண்டலுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பிவிட்டது.

"மிஸ்டர் அராகாகி, நீங்க என்ன சொல்றீங்க?"

"அவசரம்மா. அவசரம்னா விடலாம்னு சட்டத்துல இருக்கு."

"யாருக்குப் போன் பண்ணீங்க?"

"யாருக்கும் பண்ணல. பாத்தேன்."

"என்ன பாத்தீங்க?"

அவன் வாயைத் திறந்தான். ஏல விலை என்று சொல்வான் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து நவோனே பின் வரிசையில் மோமியைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், பழைய பள்ளிக்கூடத்து மரியாதை. வெண்டல் அதைப் பார்த்துவிட்டான். கழுத்து நரம்பெல்லாம் எழும்பிக்கொண்டது.

"எம்பொண்டாட்டி எங்க நிக்கறான்னு பாத்தேன்! போதுமா? அவ போன்ல நாந்தான் வச்சேன் அதை. இந்த ஆளு நிக்கற முனையில அவ நின்னுக்கிட்டிருந்தா. புள்ளி நகரவே இல்ல. புருஷனுக்கு அது அவசரமில்லாம வேற என்னம்மா அவசரம்?"

நவோனேயின் முகம் சிவந்தது. நான் மோமியைத் திரும்பிப் பார்க்கப் பயந்தேன்.

"போய்ப் பாத்தப்ப இருந்தாங்களா?" என்று நீதிபதி மெதுவாகக் கேட்டார்.

"இல்ல. நான் வர்றதைப் பாத்துட்டு அனுப்பிட்டான்."

"நான் அங்கதான் இருந்தேன்" என்றாள் மோமி.

எழுந்து நின்றிருந்தாள். நீதிபதி பேசச் சொல்லித் தலையசைத்தார்.

"சிக்னலுக்காக நின்னேம்மா. அவருக்குப் பிடிச்ச மனபுவா வாங்கிக்கிட்டு, மீன்கடைக்குப் போய்ச் சேந்து சாப்பிடலாம்னு கெளம்பினேன். பச்சை விழுந்துச்சு, நடந்தேன். நடு ரோட்டுல எதுக்க வந்தாரு. கூப்பிட வாயெடுக்கறதுக்குள்ள தோள்ல இடிச்சாரு. அவர் கையில இருந்த போன்ல எம்மூஞ்சி தெரிஞ்சுது. இவரு தலையே தூக்கல."

வெண்டலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"'ஸாரி ஆன்ட்டி'ன்னு சொல்லிட்டுப் போனாரு."

பின்னால் யாரோ ஒருத்தன் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். முகம் தெரியாத பொம்பளையை இடித்துவிட்டால் எங்கள் ஊரில் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இருப்பதிலேயே குறைந்த அபராதத்தைப் போட்டார்.

வெளியே படிக்கட்டில் வெண்டல் அவள் பின்னாலேயே ஓடி வந்தான்.

"ஏன் மோமி, அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"தெனமும் சாப்பிடறப்ப நீயா சொல்லுவேன்னு உக்காந்திருந்தேன் வெண்டல். நீ மீன் வெலையே சொல்லிக்கிட்டிருந்தே."

கைப்பையிலிருந்து போனை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "இது இனிமே உங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான், என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அழவில்லை. அவள் கை மட்டும் சில்லென்று இருந்தது. அவன் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவளைப் பார்த்து நான் இத்தனை நாள் பொறாமைப்பட்டதை நினைத்து என் மேலும் வந்தது.

மறுநாள் சாயங்காலம் கடை மூடுகிற நேரத்தில் வெண்டல் வாசலில் வந்து நின்றான். ஷேவ் செய்யவில்லை. மோமியின் நாற்காலியைப் பார்த்தான். அதில் வேறொரு பெண் உட்கார்ந்து பூவை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"மோமி எங்க ஆன்ட்டி?"

"ஹீலோவுக்குப் போயிட்டா. தங்கச்சி வீட்டுக்கு. காலையில ப்ளேன்."

"எப்ப வருவா?"

"எங்கிட்ட ஏன்டா கேக்கற? அவளுக்குப் போன் போட்டுக் கேளு."

அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டு, வெளியே எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டான்.

"தங்கச்சி எடுக்க மாட்டேங்கறா. மோமி நம்பருக்குப் போட்டா எம்பாக்கெட்லதான் அடிக்குது, ஆன்ட்டி."