மாமாவின் கம்ப்யூட்டரில் இருந்த வைரஸ்

கொரோனா என்ற பேரை உலகம் கேட்பதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் வீட்டில் வைரஸ் இருந்தது. மாமா கொண்டுவந்த கம்ப்யூட்டருக்குள் அது இருப்பதாக மாமா சொன்னார், நாங்கள் நம்பினோம். அவர் இன்ஜினீயர். எங்களில் வேறு யாருக்கும் கம்ப்யூட்டரை எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு வடகவுஞ்சி ஊருக்குள் இல்லை. ஊரைத் தாண்டிக் கீழே இறங்கினால் வரும் எங்கள் பூண்டுத் தோட்டத்தின் மேல் ஓரத்தில் இருந்தது. அண்ணன் வத்தலக்குண்டில் விடுதியில் தங்கிப் படித்தான். அப்பாவும் அம்மாவும் வெளிச்சம் இருக்கிறவரை தோட்டத்தை விட்டு ஏற மாட்டார்கள். பள்ளி முடிந்து நான் வந்து கதவைத் திறக்கும்போது வீடு காலையில் விட்டுப்போன மாதிரியே இருக்கும். நான் குடித்துவிட்டு வைத்த டம்ளர்கூட அதே இடத்தில் இருக்கும். கேரம் போர்டை எடுத்துப் போட்டு, நாலு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து நானே ஆடுவேன். யார் ஜெயித்தாலும் அதைச் சொல்ல ஆள் கிடையாது. பனி மேலேறி வந்து ஜன்னலை மூடிவிட்டால் காய்கள் இருக்கும் இடமும் சரியாகத் தெரியாது. விளக்கைப் போட்டால் வீடு இன்னும் பெரிதாகத் தெரியும் என்பதால் போடாமலே உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழையில், பெருமாள்மலையிலிருந்து திரும்பி வந்த காய்கறி ஜீப்பில் மாமா வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி. தாத்தாவும் பாட்டியும் சீக்கிரமே போய்விட்டதால் அவரை வளர்த்தது அம்மாதான். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். எங்கள் சொந்தத்தில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள். தீபாவளிக்கு மட்டும் வந்துபோகிறவர், இந்த முறை அரிசிச் சாக்கில் சுற்றிய ஒரு பெட்டியும் அட்டைப்பெட்டியில் மானிட்டருமாக வந்தார்.

"கம்பெனியில வீட்லருந்தே வேலை பாக்கச் சொல்லிட்டாங்கக்கா" என்றார்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. களையெடுக்க வந்த பெண்களிடம் அதை அவர்கள் கேட்காமலே சொன்னாள். ஆபீஸே ஆளைத் தேடி வீட்டுக்கு வருவது என்றால் ஆள் எவ்வளவு பெரியவனாக இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

பின்கட்டு அறையில்தான் ஒரு பிளக் சும்மா இருந்தது. அங்கே உத்திரத்தில் பூண்டுக் கட்டுகள் வரிசையாகத் தொங்கும். அவற்றுக்கு நேர் கீழே மேஜை போட்டு கம்ப்யூட்டரை வைத்தார்கள். கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். பிறகு திரை நீலமாகும். இல்லாவிட்டால் படக்கென்று இருண்டுவிடும். மறுபடி போட்டால் மறுபடி அதே கதை. அப்பா முதலில் கரண்டைச் சந்தேகித்தார். டி.வி.க்கு வைத்திருந்த ஸ்டெபிலைசரைக் கழற்றி இதற்கு மாட்டினார். அம்மா குளிரைச் சந்தேகித்தாள். பழைய ஜமுக்காளத்தைக் கிழித்து, பெட்டிக்கு அளவெடுத்துச் சட்டை மாதிரி ஒரு உறை தைத்துப் போட்டாள். அதற்குப் பிறகு அது இன்னும் சீக்கிரமாக அணைய ஆரம்பித்தது.

அப்போதுதான் மாமா சொன்னார்: "வைரஸா இருக்கும்க்கா."

எனக்கு அது புது வார்த்தை இல்லை. எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். செருப்போடு போனால் வைரஸ் வந்துவிடும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஆகவே வைரஸ் என்பது காலில் ஒட்டிக்கொண்டு வரும் ஒரு ஜீவன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பள்ளிவிட்டு வந்ததும் தொட்டித் தண்ணீரில், அந்தக் குளிரில், முட்டிவரை கழுவிக்கொண்டு மாமாவின் அறைக்குள் போவேன். மாமா அதைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த நாட்கள்தான் என் சிறுவயதிலேயே நல்ல நாட்கள் என்று இப்போது தோன்றுகிறது. மாலை முழுக்க நானும் மாமாவும் வைரஸ் தேடுவோம். ஒரு சி.டி.யைப் போட்டு ஸ்கேன் ஓட விடுவார். ஒரு பச்சைக் கோடு திரையின் இடது ஓரத்திலிருந்து மெல்ல நகரும். நாங்கள் ஒரே போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு, வறுத்த கடலையைத் தின்றபடி அதையே பார்த்துக்கொண்டிருப்போம். பாதி தாண்டுவதற்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.

"போச்சா?" என்பேன்.

"போச்சு. தப்பிச்சிட்டான். மொதல்லருந்து வருவோம் பாப்பா."

முதலிலிருந்து வருவோம். எனக்கு அதில் சலிப்பே வரவில்லை. மாமாவுக்கும் வரவில்லை என்பதை நான் கவனித்தேன். பெரியவர்கள் ஒரு வேலை கெட்டுப்போனால் எரிச்சல்படுவார்கள், மாமா படவில்லை. பள்ளியில் என்ன நடந்தது, யார் யாரோடு சண்டை என்றெல்லாம் கேட்பார். நான் சொல்லச் சொல்ல, கடைசிவரை கேட்பார். வீட்டில் அப்படி ஒரு ஆள் இருப்பது எனக்குப் புதிது.

ஒருநாள் நான் ஒன்று கண்டுபிடித்தேன். கம்ப்யூட்டர் சாகும் முன்னால் பெட்டிக்குள்ளிருந்து ஒரு இரைச்சல் வரும். முதலில் வண்டு மாதிரி; பிறகு மிக்ஸி மாதிரி. அது உச்சத்துக்குப் போனதும்தான் திரை இருளும். பெட்டியின் மேல் கையை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுட்டது.

"மாமா, சத்தம் கூடும்போதுதான் அணையுது. சுடவும் செய்யுது."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு உறையைச் சரியாக இழுத்துவிட்டு, "அது வைரஸ் கத்துறது" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. அதற்கும் வலிக்குமோ என்று கேட்டேன். மாமா பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்குள் அம்மா பெண் பார்க்க ஆரம்பித்திருந்தாள். பழநியில் அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்த ஒரு குடும்பம் ஜாதகம் பொருந்தியதும் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியது. மாமா வேண்டாம் என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். "இந்த வேலை ஒரு நெலைக்கு வரட்டும்க்கா." அம்மா அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டாள்.

பெண்ணின் அப்பாவும் அவருடைய அக்காவும் காரில் வந்தார்கள். அவர் சாதுவான மனிதர். அந்த அம்மாள் அப்படி இல்லை. காபி குடித்து முடித்ததும், "வீட்லருந்தே வேலையாம்ல, அது எப்படின்னு நாங்களும் பாக்குறோம்" என்றார். எல்லோரும் பின்கட்டுக்கு வந்தோம். மாமா கம்ப்யூட்டரைப் போட்டார். அது வழக்கம்போலக் கொஞ்ச நேரம் இரைந்துவிட்டுச் செத்துப்போனது.

"வைரஸுங்க" என்றாள் அம்மா, எல்லாம் தெரிந்தவள் போல.

"அதுக்கென்ன, பழநியில நம்ம கடைக்கு பில் போடுற மிஷினப் பாக்குற ஆளு இருக்கான்" என்றார் பெண்ணின் அப்பா. "கார்லயே எடுத்துட்டுப் போயிருவோம். சாயந்தரத்துக்குள்ள சரி பண்ணிருவான்."

அப்பா உடனே வயரைக் கழற்றக் குனிந்தார். அப்போது அந்த அம்மாள் யாருக்கும் சொல்லாத மாதிரி, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "இன்ஜினீயருன்னாக. தன் மிஷினையே சரி பண்ணத் தெரியலையாக்கும்."

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. அதுவரை வாய் நிறையப் பேசிக்கொண்டிருந்தவள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள். மாமா அவளைத்தான் பார்த்தார்.

"இருங்க மச்சான்" என்று அப்பாவின் கையைத் தடுத்தார். "நானே பாக்குறேன்."

ஜமுக்காள உறையை உருவிப் போட்டார். ஸ்க்ரூ டிரைவர் அவருடைய பையிலேயே இருந்தது. பெட்டியின் ஒரு பக்கத்தைக் கழற்றி வெளிச்சத்துக்குத் திருப்பினார். உள்ளே ஒரு சின்ன மின்விசிறி. அதைச் சுற்றி, அதன் அடியில், இண்டு இடுக்கெல்லாம் பூண்டுத் தோல். உத்திரத்துக் கட்டுகளிலிருந்து உதிர்ந்ததையெல்லாம் அது உள்ளே இழுத்து, மெத்தை மாதிரி அடைத்து வைத்திருந்தது. மாமா பெயின்ட் பிரஷ் கேட்டார். வராந்தாவில் வைத்துத் தட்டி, ஊதி, துடைத்தார். தோல்கள் காற்றில் பறந்து பெண்ணின் அப்பாவின் வெள்ளைச் சட்டையில் ஒட்டிக்கொண்டன. எல்லாம் சேர்த்து ஒரு காபி ஆறும் நேரம்தான் ஆகியிருக்கும். மறுபடி மாட்டிப் போட்டதும் கம்ப்யூட்டர் சத்தமே இல்லாமல் ஓடியது.

நான் கை தட்டினேன். பெண்ணின் அப்பா சிரித்துக்கொண்டே, "ரொம்ப சந்தோஷம் தம்பி. உங்க சோலியப் பாருங்க, நாங்க சும்மா ஓரமா நிக்கிறோம்" என்றார்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் எதையும் தொடவில்லை. பிறகு ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து டைப் அடிக்க ஆரம்பித்தார். அவ்வளவு வேகமாக யாரும் அடித்து நான் பார்த்ததில்லை. விரல்களைப் பார்க்காமலே அடித்தார். வரிகள் கடகடவென்று ஓடிப் பக்கம் நிரம்பியது. பெண்ணின் அப்பா தலையாட்டினார். அந்த அம்மாள்கூட வாயைத் திறக்கவில்லை. அவர்கள் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. திரைக்குப் பக்கத்தில் நின்ற நான் மட்டும் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப். பிறகு எல், கே, ஜே, ஹெச், ஜே. மறுபடி ஏ, எஸ், டி, எஃப். எந்த வார்த்தையும் வரவில்லை. இது கம்ப்யூட்டர்களுக்குள் பேசிக்கொள்ளும் பாஷை போலிருக்கிறது, மாமா எவ்வளவு படித்திருந்தால் இதெல்லாம் எழுத வரும் என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நாயுடுபுரத்தில் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்த முதல் நாள், அதே எழுத்துகளை அதே வரிசையில் என்னை அடிக்கச் சொன்னார்கள். எல்லோருக்கும் முதல் பாடம் அதுதானாம். அன்று நான் பாதியில் எழுந்து வெளியே வந்து நின்றுவிட்டேன்.

வந்தவர்கள் திருப்தியாகப் போனார்கள். பெண்ணின் அப்பா கார் ஏறும்போது, தை பிறந்ததும் பூ வைத்துவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னார்.

மறுநாள் வெள்ளனே மாமா தோட்டத்துக்கு இறங்கிப் போய் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். கம்பெனியில் ஆட்களைக் குறைத்ததில் இவருடைய வேலையும் போய்விட்டது. வேறு வேலை கிடைத்துவிடும், கிடைத்ததும் கிளம்பிவிடலாம் என்றுதான் வந்திருக்கிறார். கிடைக்கவில்லை. இதெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பா, "மொதல்லயே சொல்லிருக்கலாம்ல மாப்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு, கைகால் கழுவி, வேட்டி மாற்றி, பஸ் ஏறிப் பழநிக்குத் தானே போய் அவர்களிடம் சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அம்மா இரண்டு நாள் அழுதாள். சம்பந்தம் போனதற்காக இல்லை. தன்னிடமே அவர் மறைத்துவிட்டாரே என்பதற்காக. மாமா கொஞ்ச நாள் எங்களோடு பூண்டு நட்டார். பிறகு கோயம்புத்தூரில் ஒரு மில்லில் கணக்குப் பார்க்கும் வேலை கிடைத்துப் போய்விட்டார். இப்போது அங்கேயே வீடு, மனைவி, இரண்டு பையன்கள். பொங்கலுக்கு வருவார். கம்ப்யூட்டர் பேச்சு வந்தால் எழுந்து தோட்டம் பார்க்கப் போய்விடுவார்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது மாமா உண்மையைச் சொன்னதற்கு முந்தின மாலைதான். கார் கிளம்பிப் போன பிறகு, கால் கழுவிக்கொண்டு மாமாவின் அறைக்கு ஓடினேன். அம்மா அடுக்களையில் சந்தோஷமாக எதையோ தாளித்துக்கொண்டிருந்தாள். மாமா விளக்குப் போடாமல் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஸ்கேன் போடுவோமா மாமா?"

"எதுக்கு பாப்பா? அதான் சரியாயிருச்சே."

நான் விடவில்லை. நச்சரித்த பிறகு போட்டார். பச்சைக் கோடு பாதியைத் தாண்டியது. முக்காலைத் தாண்டியது. இதுவரை நாங்கள் பார்த்தே இராத வலது ஓரத்துக்குப் போய்த் தொட்டு நின்றது. ஒரு வைரஸும் இல்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. மாமா அதைப் படித்துச் சொன்னார். பெட்டி சூடே இல்லாமல், சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இனி இந்த அறைக்கு நான் எதற்கு வர வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு தரம் அணைந்துவிடேன் என்று நான் மனதுக்குள் அதனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் மாமாவும் கண்ணை எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது சரியாக ஓடுவதைப் பார்த்து அவர் சந்தோஷப்படுகிறார் என்றுதான் நான் அன்றைக்கு நினைத்தேன்.