அண்ணனுடைய கயிறு

பேய், ஆவி என்று யார் பேச்செடுத்தாலும் எழுந்து போய்விடுகிறவள் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய் எட்டாவது வரை படித்தவள், இதையெல்லாம் நம்பினால் அந்தப் படிப்புக்கு என்ன மரியாதை? ஆனாலும் இது என் கண் முன்னால் நடந்தது. நம்புவது உங்கள் இஷ்டம்.

யுத்தத்தால் மண்ணெண்ணெய்க்குத் திண்டாடிய வருஷம். அண்ணன் சூசை தூத்துக்குடியில் சங்கு குளித்துக்கொண்டிருந்தான். குளிக்கிறவனுக்கு மூச்சு முட்டினால் கடலடியிலிருந்து கயிற்றை ஆட்டுவான், தோணியில் இருப்பவர் உடனே தூக்க வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள், கூடப்பிறந்தவளின் புருஷன் கைவிட மாட்டான் என்று. அண்ணனுக்குக் கயிறு பிடித்தவர் அக்காள் புருஷன் அந்தோணி அத்தான். ஒருநாள் கயிறு ஆடியது, அலைதான் ஆட்டுகிறது என்று அத்தான் நினைத்துவிட்டார். சந்தேகப்பட்டு இழுத்தபோது வெறும் கயிறுதான் வந்தது. அண்ணனின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

அம்மா அந்தக் கயிற்றின் நுனியில் ஓர் ஆள் உயரத்துக்கு வெட்டி வாங்கி வந்து சுவர் ஆணியில் மாட்டினாள். அத்தானை வாசற்படி ஏற விடவில்லை. கோயிலுக்குப் போகவில்லை, அண்ணனுக்காகப் பூசை வைக்கவும் சம்மதிக்கவில்லை. சாயந்தரச் செபம் மட்டும் வீட்டில் சொல்லுவோம். அதிலும் நமக்குக் கெடுதல் செய்தவர்களை மன்னிக்கிற வரி வந்ததும் அம்மா வாயை மூடிக்கொள்வாள், நான்தான் தனியாகச் சொல்லி முடிப்பேன். வேலியோரம் உட்கார்ந்து அத்தானும் முணுமுணுப்பது கேட்கும். அவர் கடலுக்குப் போவதையே விட்டிருந்தார்.

நாற்பதாம் நாள். கோயில் மணி அடித்து ஓய்ந்ததும் செபம் ஆரம்பித்தோம். அந்த வரி வந்தது, அம்மா நிறுத்தினாள். ஆணியில் தொங்கிய கயிறு விறைத்து, இரண்டு தடவை வெடுக்கென்று கீழ்நோக்கி ஆடியது.

"காத்துதாம்மா" என்றேன்.

"வெளக்கு அசையலியே ஏளா, எட்டாப்பு படிச்சவளுக்கு இது தெரியலியா?" என்றவள் வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "மருமவனே, உள்ள வாரும். அவன் கயித்த ஆட்டுதான்."

அத்தான் வேலியோரத்திலிருந்து எழுந்து வந்து கயிற்றைப் பிடித்தார்.

"இதும் அலையா?"

"இல்ல அத்தை. சூசைதான்."

"அப்பத் தூக்கும்."

அத்தான் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தார். ஆணியிலிருந்து தரைவரை தொங்கியது ஓர் ஆள் உயரக் கயிறுதான், அதை அவ்வளவு நேரம் இழுத்தார், முதுகெல்லாம் வேர்த்து ஊற்றியது. கடைசியில் வெறும் நுனி கைக்கு வந்தது. அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, நாற்பது நாளாக விழுங்கிய அந்த வரியை உரக்கச் சொன்னாள்.

"மேல வந்துட்டான் மருமவனே. இனி ஆண்டவர் பாத்துக்கிடுவாரு."

மறுநாள் விடியற்காலையில் அம்மா கோயிலுக்குப் போய் அண்ணனுக்குப் பூசை கேட்டாள். திரும்பி வந்து, அத்தானைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கஞ்சி குடித்தாள்.

அப்போதுதான் பார்த்தேன், அத்தானால் கிண்ணத்தைப் பிடிக்க முடியவில்லை. வருஷக்கணக்காகக் கயிறு இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கை இரண்டும், ஆள் கனத்தைத் தூக்கினதுபோல் தோலுரிந்து ரத்தம் கசிந்திருந்தன. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டவள் நான்தான். அது வெறும் காற்று என்று சொன்னவளும் நான்தான்.