உள்ளே மடித்த இரண்டு இஞ்ச்

மகளுக்கு நான்கு மாதம். அடுத்த வாரம் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் மீண்டும் வேலைக்குச் சேர வேண்டும். பழைய சுடிதார் ஒன்றுகூட மார்பைத் தாண்டி இறங்கவில்லை. இளைத்தே தீருவதென்று எலுமிச்சைச் சாறும் வெந்நீருமாக ஒன்பது நாள் ஓட்டினேன். பால் குறைந்தது. குழந்தை உறிஞ்சிப் பார்த்துவிட்டு வீறிட்டது.

அழும் குழந்தையோடுதான் ஜோகுபாளையத்தில் எனக்குத் தைத்துத் தரும் ஷாகிரா அக்காவிடம் போனேன்.

"இந்தச் சுடிதார் ஒண்ணை மட்டும் லேசாப் பிரிங்கக்கா. ஒரு மாசத்துல இளைச்சிடுவேன்."

"காலையில என்ன சாப்பிட்டே?"

"எலுமிச்சைத் தண்ணி."

"அடிப்பாவி! பால்காரன்கூட மாட்டுக்குத் தீனி வச்சுட்டுத்தான் கறக்கிறான்!"

சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். தன் சப்பாத்தி டப்பாவை என் பக்கம் தள்ளிவிட்டு, அக்கா சுடிதாரை உள்புறமாகத் திருப்பினார். பக்கத் தையலுக்குள் இரண்டு இஞ்ச் துணி நிறம் மங்காமல் மடிந்து கிடந்தது.

"பொண்ணுங்க உடம்பு ஒரே அளவுலயா நிக்கும்? எல்லாருக்கும் விட்டுத்தான் தைக்கிறேன்" என்றபடி பிளேடால் பிரித்தார்.

வேளாவேளைக்குச் சாப்பிட்டேன், சில நாளில் பால் ஊறியது. எடை அவசரமில்லாமல், ஒரு வருடம் எடுத்துக்கொண்டு இறங்கியது. அக்காவே மறுபடி பிடித்துத் தைத்தார், பழைய தையல் கோட்டுக்கு அரை இஞ்ச் வெளியே தள்ளி. அந்த அரை இஞ்ச்சைக் குறைக்க நான் இன்றுவரை நினைத்ததில்லை.